கேட்காத பதுவா

எல்கடுவ
12 மே 2025

என் உடன்பிறந்த மூத்தவள் மஸூதா தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் போனுக்கு எடுத்தால் மணி அடிக்கும் முன்பே துண்டிக்கப்படுகிறது. அஸ்ஹரின் போனிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன், அதே கதைதான். என் நம்பரையும் என் புருஷனின் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று விளங்கியது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பல்லேபொலைக்கு வந்தேன். யாராவது சொன்னார்களா? நுஹ்மான் மச்சான் கேட் வரைக்கும் வந்தார், ஆனால் திறக்கவில்லை. "ஜஸ்லா, கோவிச்சுக்கிற வாணாம். இப்பைக்கி நீங்க இந்த ஊட்டுக்கு வரப்படாது" என்றார். காரணம் கேட்டேன், மனிதர் கேட்டின் கொண்டியை இன்னும் இறுக்கினார். உள்ளேயிருந்து உங்கள் மகள் அம்றா அழுவது எனக்குக் கேட்டது. அவள் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் சொன்னாள், பெருநாளுக்குப் பிறகு பிள்ளை விழுந்து விழுந்து எழும்புகிறாள், வாயில் நுரை வருகிறது என்று. உண்மையா தாத்தா? எனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வீர்கள்? எனக்குப் பிள்ளையில்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் எல்லாம் அவள் இருந்தது எங்கள் கடைக்குப் பின்னாலுள்ள அறையில்தான். ஏ.எல். பரீட்சைப் பாடங்களைக்கூட என் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படித்தாள்.

நான் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஜஸ்லா


பல்லேபொல
20 மே 2025

ஜஸ்லாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் குரலைக் கேட்கக் கூடாது, உன் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று ஓதிப் பார்க்க வரும் ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார். எழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நோன்புப் பெருநாளன்று நீ வட்டிலப்பம் கொண்டுவந்தாய். வீட்டில் எல்லாரும் ஒரு துண்டு தின்றார்கள். அம்றாதான் ஆசையாக அதிகம் தின்றாள். அடுத்த நாள் காலை கிணற்றடியில் விழுந்தாள். கண் மேலே செருகி, பல் கடித்து, கையும் காலும் உதறின. தெளிந்த பிறகு என்னைப் பார்த்து "நீங்க ஆரு?" என்று கேட்டாள். என் வயிற்றில் பிறந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை.

கைறுன்னிஸா மதினி, அதுதான் என் புருஷனுடைய மூத்த சகோதரி, கண்டிக்கு அப்பாலிருந்து இந்த ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தார். ஹஸ்ரத் வீட்டைச் சுற்றி நடந்தார். பிறகு மிளகுக் கொடிக்குக் கீழே தோண்டச் சொன்னார். சிவப்பு நூல் சுற்றிய ஒரு முட்டை வந்தது. அதற்குள் ஆணியும் முடியும் இருந்தன. இரத்த உறவுள்ள ஒருத்தி, வயிறு திறக்காதவள், இனிப்பில் கலந்து கொடுத்து ஜின்னை ஏவியிருக்கிறாள் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நீ இதைச் செய்திருப்பாய் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் முட்டையை என் கண்ணால் பார்த்தேன். இது பெரிய போர், அதை நான் நடத்துவேன், நீங்கள் சொன்னபடி கேட்டால் மட்டும் போதும் என்கிறார் ஹஸ்ரத். நான் கேட்கிறேன். வேறென்ன செய்ய?

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கட்டியது நீயென்றால் நீயே அவிழ்த்துவிடு. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

மஸூதா


எல்கடுவ
27 மே 2025

தாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் ஸலாம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கட்டாததை எப்படி அவிழ்ப்பது? நீங்கள் எழுதியதை அஸ்ஹரிடம் காட்டவில்லை. "வயிறு திறக்காதவள்" என்ற இடத்தை அவர் வாசிப்பதை நான் பார்க்க விரும்பவில்லை. ஊரில் எத்தனையோ பேர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கையெழுத்தில் அதைப் படிப்பேன் என்று மட்டும் நான் எண்ணியதில்லை.

முட்டையைப் பற்றி ஒரு கேள்வி. தோண்டியது யார்? மண்ணுக்குள் முதலில் கையை விட்டது யார்? உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆளின் சட்டைக் கையை யாராவது பார்த்தீர்களா?

நீங்கள் நம்புகிறதைத்தான் நானும் நம்புகிறேன். ஜின் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஷைத்தான் இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் அம்றாவுக்குள்தான் புகுந்திருக்கிறான் என்று உங்களுக்கு யார் உறுதி தந்தது? நேற்று வரைக்கும் ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் ஒருத்தி இன்றைக்கு மற்றவளைச் சூனியக்காரி என்கிறாள். இதைவிட அவனுக்கு வேறென்ன வேலை வேண்டும்?

எங்கள் கடைக்கு வரும் ராசம்மாவின் புருஷன் நாகமுத்துவுக்கு இளவயதிலிருந்தே வலிப்பு. ஒரு முறை கடை வாசலில் விழுந்தார். நான் சத்தம் போட்டேன். ராசம்மா பதறாமல் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே தன் சாக்கை மடித்து வைத்துவிட்டு, "மாத்திர முடிஞ்சிருச்சுங்க, கிளினிக் போகாம விட்டுட்டாரு. அதான்" என்றாள். மருந்து எடுக்கும் காலத்தில் அவர் தேயிலை மலையில் மற்ற ஆட்களைப் போலவே வேலை செய்கிறார். அவர் விழுந்ததும் அம்றா விழுவதாக நீங்கள் எழுதியதும் ஒன்றாகவே இருக்கின்றன.

பிள்ளையை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். துஆவையும் விடாதீர்கள். தொழுகையில் நின்று உதவிக்கு அல்லாஹ் ஒருவன் போதும் என்று சொல்லிவிட்டு, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் போரை இன்னொருவர் கையில் கொடுக்கிறோமே, அது என்ன நியாயம்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவளுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். அது சாப்பாடு இல்லை.

ஜஸ்லா


பல்லேபொல
11 ஜூன் 2025

ஜஸ்லா,

வ அலைக்கும் ஸலாம்.

சட்டை வந்தது. நீல நிறம் அவளுக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். நான் அதை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மதினி கண்டுபிடித்து ஹஸ்ரத்திடம் கொடுத்துவிட்டார். பெருநாளுக்கு மறுநாள் ஹஸ்ரத் வந்து அதைத் தணல் நிறைந்த கரிச்சட்டியில் போட்டு எரித்தார். புகையில் உன் முகம் தெரிகிறது என்றார். எனக்குப் புகைதான் தெரிந்தது. ஆனாலும் நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அவர் பிரம்பு கொண்டுவருகிறார். உள்ளங்காலில் அடிக்கிறார். அம்றா என் பக்கம் திரும்பி, "உம்மா, எனக்கி ஏலா. உடச் செல்லுங்க" என்று கெஞ்சினாள். பேசுவது மகளில்லை, அவள் குரலில் ஜின் பேசுகிறது, இரக்கப்பட்டால் தோற்றுவிடுவீர்கள் என்றார் அவர். ஜஸ்லா, இப்போது என் பிள்ளை உம்மா என்று கூப்பிட்டால், கூப்பிடுவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது கூப்பிட்டாலும் கை நின்றுவிடுகிறது. பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்தாய். உன் மச்சானும் ஒரு தரம் அதைச் சொன்னார். மதினி விடவில்லை. வலிப்பு என்று கிளினிக் அட்டையில் எழுதிவிட்டால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்றார். ஜின் என்றால் ஒரு நாள் போய்விடும், நோய் என்றால் பெயர் நின்றுவிடும் என்று அவர் சொன்னபோது எனக்கும் அது சரியாகப்பட்டது. உனக்குப் பிள்ளை இல்லை, இந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியாது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உள்ளதைத்தான் எழுதினேன்.

நான் தொழுகிறேன். ஆனால் ஸஜ்தாவில் தலையை வைத்தால், என் துஆ கூரைக்கு மேலே போகவில்லை என்று ஒரு சத்தம் காதுக்குள் சொல்கிறது.

மஸூதா


எல்கடுவ
18 ஜூன் 2025

தாத்தா,

அந்தச் சட்டையை நான் மெஷினில் தைக்கவில்லை. கழுத்துப் பூவேலை எல்லாம் கைத்தையல்.

நீங்கள் குத்திக்காட்டவில்லை என்று எழுதியதை நம்ப முயன்றேன். முடியவில்லை. இந்த முறை உங்கள் கடிதத்தை அஸ்ஹரே வாங்கி வாசித்தார். மடித்துத் தராசுக்குக் கீழே வைத்தார். பிறகு, "நம்மளுக்கும் ஆள் ஈக்கி ஜஸ்லா. அனுப்பினவன்ட தலையிலேயே திருப்பி உடுவான். ஒரு சொல்லுச் செல்லுங்க, நான் கூட்டி வாரன்" என்றார். நல்ல மனிதர், கோபத்தில் சொன்னார். வேண்டாம் என்று நான் உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. உடனே சொல்லவில்லை. அஸர் தொழுகை வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே சாமான் நிறுத்துக் கொடுத்தேன்.

அஸர் தொழுத பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது. ஆள் எதற்கு? என் கையில் அதைவிடப் பெரிய ஆயுதம் இருக்கிறதே. அநியாயம் செய்யப்பட்டவள் கேட்கும் பதுவாவை அல்லாஹ் திருப்பி அனுப்பமாட்டான் என்று உம்மா நமக்குச் சொல்லித் தந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒருவருக்குக் கேடு வரவேண்டும் என்று அவனிடம் கேட்பது எவ்வளவு பயங்கரம் என்பதற்காகத்தான் உம்மா அதைச் சொன்னார். எனக்கு அன்று அது ஆறுதலாக இருந்தது. தொழுகைப் பாயிலிருந்து எழும்பவில்லை. கையைத் தூக்கினேன். உங்கள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

உங்கள் மேல் விழுவது எதுவும் அம்றாவையும் தொடாமல் போகாது என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. எட்டினாலும் கை இறங்கவில்லை தாத்தா. அவ்வளவு வெறுப்பு. இந்த மார்புக்குள் இத்தனை இருந்ததா? அறிவுக்குத் தெரிந்தும் கைக்குத் தெரியவில்லை. கடைசியில், "யா அல்லாஹ், இந்தச் சண்டையில் நான் தோற்கப்போகிறேன். என் பலத்தில் இது ஆகாது. நீயே ஜெயித்துத் தா, இந்தக் கையை நீயே இறக்கிவிடு" என்று மட்டும் கேட்டேன். அழுகைதான் வந்தது. அதோடு கை தானாக மடியில் விழுந்தது.

வெறுப்புப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலையில் அது எனக்கு முன்பே எழும்பி உட்கார்ந்திருந்தது. மறுபடியும் கேட்டேன். இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போகும்போல.

உங்கள் காதுக்குள் பேசும் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அல்லாஹ் கேட்கவில்லை என்று சொல்வது அல்லாஹ்வின் குரலாக இருக்காது. பிள்ளை உம்மா என்று கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள்.

ஜஸ்லா


மாத்தளை ஆஸ்பத்திரி
9 ஜூலை 2025

ஜஸ்லா,

அம்றாவுக்கு நெருப்புக் காயம். இடது கன்னமும் இடது கையும். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதுகிறேன். அந்த ஆள் கரிச்சட்டியில் காய்ந்த மிளகாய் போட்டு, அவள் தலையைப் பிடித்துப் புகைக்கு நேரே வைத்தார். அவள் இருமினாள், பிறகு உடம்பு விறைத்தது. அதே வலிப்புத்தான். ஜின் கடைசிச் சண்டை பிடிக்கிறது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் அப்படியே முன்னால் சாய்ந்து சட்டியின் மேல் விழுந்தாள்.

நான் ஓடினேன். "தொட வாணாம், எரியிறது அவ இல்ல" என்று கத்தினார்.

நான் நின்றேன், ஜஸ்லா. அந்தச் சொல்லுக்கு நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. என் பிள்ளையின் தோல் கருகும் மணம் வரும் வரைக்கும் நின்றேன். பிறகு எனக்குள் என்ன உடைந்தது என்று தெரியாது, "அல்லாஹ் போதும், நீங்க போங்க" என்று சொல்லிச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டு அவளைத் தூக்கினேன். அவர் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "நான் போட்ட கட்ட நீங்களே அறுத்துட்டீங்க. இனி இந்த ஊட்டுல ஒண்டும் மிஞ்சாது" என்றார். போய்விட்டார். போலீஸில் சொல்லியிருக்கிறோம். அவருடைய போன் வேலை செய்யவில்லை, சொன்ன விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லையாம்.

டொக்டர் வலிப்பைப் பற்றிக் கேட்டார். பெருநாளிலிருந்து என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலிப்புக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். மூளையைச் சோதிக்கக் கண்டிக்கு அனுப்புவார்களாம்.

அவள் என்னோடு பேசுவதில்லை. நேர்ஸ்மாரிடம் பேசுகிறாள், வாப்பாவோடு பேசுகிறாள். நான் பக்கத்தில் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறாள். காயம் பட்ட கன்னம் தலையணையில் படும், அப்படியும் திருப்புகிறாள்.

நீ அன்று கையை இறக்கியதாக எழுதினாய். உண்மையாகவே இறக்கினாயா? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மஸூதா


எல்கடுவ
14 ஜூலை 2025

தாத்தா,

இறக்கினேன். அல்லாஹ் சாட்சி.

கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலில் நின்றேன். அம்றா நித்திரை. நீங்கள் கதிரையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தீர்கள். காலில் சோடி மாறிய செருப்பு. எழுப்பவில்லை. எழுப்பினால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் கைக் கட்டைப் பார்த்த பிறகு என் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நேர்ஸிடம் தோடம்பழம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வேண்டாமென்றால் எறிந்துவிடுங்கள்.

ஜஸ்லா


பல்லேபொல
21 ஆகஸ்ட் 2025

ஜஸ்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தோடம்பழத்தை அவள் தின்றாள். யார் தந்தது என்று நேர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. பிறகு வெட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். இந்த வருடம் பரீட்சை எழுத முடியாது. கன்னத்தைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை. வீட்டிலிருந்த கண்ணாடியை நான் கழற்றினேன், அவள் எடுத்துத் திரும்ப மாட்டினாள்.

அந்த ஆள் போன பிறகும் அவருடைய சொல் போகவில்லை. ஒண்டும் மிஞ்சாது என்றாரே. உன் மச்சானுடைய மோட்டார் சைக்கிள் யட்டவத்த வளைவில் சறுக்கி முழங்கால் உடைந்தது. எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. ஆட்டுக்குட்டி செத்தது, அப்போதும் அதுதான். பொய்யன் என்று தெரிந்த ஒருவனுக்கு நான் பயப்படுகிறேன். இந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

போன திங்கட்கிழமை, மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. மருந்தின் அளவு பிடிபடும்வரை அப்படி வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் மறுநாளே மதினி இன்னொருவரைக் கூட்டி வந்துவிட்டார். வயதான மனிதர், பணிவான பேச்சு, பிரம்பு இல்லை. வெறும் தண்ணீரில் ஓதிக் கொடுப்பாராம். உன் மச்சான் கட்டிலில் காலை நீட்டியபடி, "ஒருக்காப் பார்த்தா என்ன, மஸூதா?" என்றார். அவர் முகத்திலும் என் பயமே இருந்தது.

நான் போய் வாசற்படியில் நின்றேன். வீரமாக நின்றேன் என்று நினைக்காதே. இந்த மனிதர் நல்லவராக இருந்தால்? இவரைத் திருப்பி அனுப்பிப் பிள்ளை செத்துப்போனால்? உள்ளே அந்தச் சத்தம் பேசிக்கொண்டேதான் இருந்தது. எனக்குப் பெரிய துஆ ஒன்றும் வரவில்லை. நீ எழுதியதுதான் வந்தது. என் பலத்தில் இது ஆகாது, நீயே ஜெயித்துத் தா என்று கேட்டேன். பயம் குறையவில்லை. கால்கள் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இந்த ஊட்டுல இனி நாங்க ஓதுவோம் மதினி. மருந்தும் குடுப்போம். வேற ஒருத்தரும் வாணாம்" என்றேன்.

"புள்ளைய நீயே கொல்லப் போற" என்றார்.

பாதி கொன்றவள்தானே நான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து, "உம்மா, கதவச் சாத்துங்க" என்று கேட்டது.

அம்றா எழும்பி வந்து அறை வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கூப்பிட்டது யார் என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. "சாத்துறன் மகள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு அவள் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு இன்றுவரை பேசவில்லை. மதினி இனி இந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வெற்றி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டாயா?

உன் தாத்தா


எல்கடுவ
27 ஆகஸ்ட் 2025

தாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இல்லை, இன்னும் இல்லை. உங்களிடம் பொய் சொல்ல முடியாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே "வயிறு திறக்காதவள்" என்ற அந்தச் சொல் ஞாபகம் வருகிறது. அம்றாவின் கையை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபம் வேறு. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மன்னிக்கும் மனதை அல்லாஹ்விடம் கேட்கிறேன். சில நாட்களில் தருகிறான், மறுநாள் கை வெறுமையாக இருக்கிறது, மறுபடி கேட்கிறேன். நீங்கள் படியில் நின்றதும் இப்படித்தான் என்று வாசித்தபோது, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது.

மன்னிப்பு முழுதாக வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளையின் கிளினிக் நாள் போய்விடும். மச்சானுக்கு முழங்கால் முடியாது, நீங்கள் தனியாக அவளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அஸ்ஹரிடம் சொல்லிவிட்டேன். பஸ் காசை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

நான் வந்து உங்களோடு அதிகம் பேசாவிட்டால் பெரிதாக எடுக்காதீர்கள். அவளுடைய மருந்துச் சிட்டையை எடுத்து வையுங்கள். பஸ்ஸில் அவள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நான் நடுவில் உட்காருகிறேன்.

ஜஸ்லா